பதினாறு பக்கப் புத்தகமும் ஆறு வருடமும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. "சேர்ந்துவிட்டாயா, இல்லையா?" என்று கேட்டிருந்தாய். பதிவுக் கடிதம் கைக்கு வராமல் பதில் எழுத மனம் வரவில்லை. நேற்று வந்துவிட்டது. பதினைந்து வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தியவள் இப்போது தமிழ்த்துறையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்.

துறைக்குப் போன முதல் நாள் அலுவலகத்தில் என்னை வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் என்று நினைத்து, மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டுத் தேநீரும் கொடுத்தார்கள். புதிதாகச் சேர வந்தவள் என்று சொன்னதும் தேநீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நாற்காலியைத்தான் உண்மையான தேர்வாளர் வந்ததும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். என் நெறியாளர் என்னைவிட ஐந்து வயது இளையவர். அவர் என்னை 'மேடம்' என்கிறார், நான் அவரை 'சார்' என்கிறேன்; இருவருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தேறியிருந்தாலும், ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கும் வயதை எப்போதோ தாண்டிவிட்டேன். மாதம் 37,000 ரூபாய் வாங்கும் இளையவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. வீட்டில் கணவருடைய சம்பளம் ஓடுகிறது, என் சேமிப்பு இரண்டு வருடத்துக்குக் காணும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி ஆய்வுக் காலம் குறைந்தது மூன்று வருடம், கூடிப்போனால் ஆறு வருடம். அதற்குள் கோர்ஸ் ஒர்க் என்ற பாடத் தாள்களை எழுதித் தேற வேண்டும், அதில் ஆய்வு நெறிமுறை பற்றிய தாளும் ஒன்று. பள்ளியில் விடைத்தாள் திருத்திய கை மறுபடியும் விடை எழுதப்போகிறது.

தலைப்பைப் பற்றித்தான் உன்னிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். குஜிலி நூல்கள் முழுவதையும் ஆராயப்போகிறேன் என்று நாற்பது பக்க முன்வரைவோடு போனேன். சென்ட்ரலுக்கு அருகே பார்க் டவுன் பக்கம் அச்சாகி, சந்தையிலும் ரயிலிலும் விற்ற அந்த மலிவுப் பாட்டுப் புத்தகங்கள்தான்; ரயில் விபத்து, புயல், கொலை என்று எது நடந்தாலும் உடனே சிந்தாகவும் கும்மியாகவும் பாடி எட்டுப் பக்கத்திலோ பதினாறு பக்கத்திலோ அடித்து விற்றுவிடுவார்கள். நெறியாளர் பொறுமையாகப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதில் எதையெல்லாம் விடப்போகிறீர்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. வகுப்பறையில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியே பழகியவளுக்கு, விடுவதும் ஒரு வேலை என்று அன்றுதான் உறைத்தது. இரண்டு வாரம் அடித்து அடித்து எழுதி, கடைசியில் கொலைச்சிந்து மட்டும், அதிலும் முகப்புப் பக்கமும் விற்பனையும் மட்டும் என்று வந்து நிற்கிறேன்.

முகப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டம், எந்தப் புத்தகமானாலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் அதில் தெரிய வேண்டும் என்றது. அதனால்தான் அரையணாச் சிந்தில்கூட அச்சுக்கூடத்தின் பெயர் இருக்கிறது. அதே சட்டத்தின்படி அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்ட பட்டியலில் பக்கம், விலை, பதிப்பு, அச்சடித்த பிரதிகளின் எண்ணிக்கை எல்லாம் உண்டு. யாரை எப்போது யார் குத்தினார் என்பதைப் பாட்டு சொல்லும், அதை எத்தனை பேர் வாங்குவார்கள் என்று அச்சுக்காரர் போட்ட கணக்கைப் பட்டியல் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் திட்டம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் மாறி மாறிப் போகப்போகிறேன். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த அந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்திராவிட்டால் இந்தத் தலைப்பே எனக்கு இல்லை.

துறை நூலகத்தில் இரண்டு பீரோ நிறையப் பழைய ஆய்வேடுகள், ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்தோடு அடுக்கியிருக்கின்றன. பாதிக்கு மேல் 'ஓர் ஆய்வு' என்றே முடிகின்றன. நான் ஆய்வை விட்டுவிட்டு நன்றியுரைகளையே படித்துக்கொண்டிருந்தேன். தட்டச்சு செய்தவருக்கு நன்றி சொல்லாத ஏடே இல்லை. ஓர் அம்மையார், "நான் நூலகத்தில் இருந்த நாள்களில் என் மகளுக்குச் சோறூட்டிய மாமியாருக்கு" என்று எழுதி, அடியில் அந்த மாமியார் மறைந்த தேதியையும் குறித்திருக்கிறார். அதற்குப் பிறகு அன்று வேறு எதையும் படிக்கவில்லை.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். விடுதியில் நாம் இருந்தபோது, உங்கள் தாத்தா சந்தையில் பாட்டுப் புத்தகம் வாங்கிவந்து திண்ணையில் இராகம் போட்டுப் படிப்பார் என்றும், அந்தக் கட்டு இன்னும் பரணில் கிடக்கிறது என்றும் சொல்லியிருந்தாய். கரையான் அரிக்காமல் இருந்தால் அதை இறக்கி வை. வெயிலில் காயப்போடாதே, தாள் பொடிந்துவிடும். சணலையும் நீ அவிழ்க்க வேண்டாம். பொங்கல் விடுமுறையில் நானே வந்து அவிழ்க்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி