விவரத்தாள் சரிபார்ப்பு தொடர்பாகப் பத்தாம் வகுப்புப் பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பதிவேற்றுவதற்கு முன்பாக, தங்கள் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண் ஆகியவை அடங்கிய எக்செல் தாளை அவரவர் பெற்றோருக்கு மட்டும் சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, பிழை இருந்தால் திருத்தித் தருமாறு கேட்டிருந்தோம். திரும்பி வந்த தாள்களை வகுப்பாசிரியர்களுடன் அமர்ந்து பார்த்தபோது, சரியாக இருந்த பல விவரங்கள் திருத்தத்தினாலேயே கெட்டுப்போயிருந்தன. இதில் பெற்றோர் மீது குற்றம் ஏதும் இல்லை. தாளை நாங்கள் அமைத்த விதமே காரணம், அதற்காக வருந்துகிறேன்.

நடந்ததை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். பழைய வண்ணாரப்பேட்டை முகவரிகள் நீளமானவை என்பது நம் அனைவருக்கும் தெரியும். புதிய எண், பழைய எண், மாடி, சஞ்சீவராயன் கோயில் தெரு, சென்னை 600021 என்று எழுதி முடிப்பதற்குள் சிறிய கட்டம் நிரம்பிவிடும். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தால் மீதி எழுத்துகள் அதன்மேல் படர்ந்து தெரியும். அங்கே வேறு விவரம் இருந்தால், கட்டத்தின் ஓரத்தோடு எழுத்து நின்றுவிடும். ஒரு தாயாருக்கு அந்தத் தெருப் பெயர் ‘சஞ்சீவராயன் கோ’ என்பதோடு முடிந்ததாகத் தெரிந்திருக்கிறது. விடுபட்டதை நிரப்புவதாக எண்ணி, அவர் அக்கட்டத்தைத் தொட்டு ‘கோயில் தெரு’ என்று தட்டச்சு செய்தார். அவ்வாறு செய்தால் உள்ளே இருந்தது முழுவதும் அழிந்து புதியது மட்டுமே நிற்கும். கதவு எண்கள், மாடி, அஞ்சல் குறியீடு எல்லாம் அப்படித்தான் போயின.

ஆகவே, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்: எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது தாளில் இல்லை என்று பொருளில்லை. எக்செல்லின் ஒரு கட்டம் 32,767 எழுத்துக்குறிகள் வரை கொள்ளும். கட்டத்தை ஒரே ஒரு முறை தொட்டு, எதையும் தட்டச்சு செய்யாமல், திரையின் மேலோ கீழோ உள்ள நீண்ட பட்டையைப் பாருங்கள். உள்ளே இருப்பது அங்கே முழுமையாகத் தெரியும். பிறந்த தேதிக்குப் பதிலாக ##### என்று தெரிந்ததைக் கண்டு சிலர் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தீர்கள். தேதியைக் காட்டும் அளவுக்கு அந்த நெடுவரிசைக்கு அகலம் போதவில்லை என்பதைத்தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. விரலால் ஓரத்தை இழுத்து அகலப்படுத்தினால் தேதி வந்துவிடும்.

நீண்ட முகவரியைக் கட்டத்துக்குள்ளேயே பல வரிகளாக மடித்துக் காட்ட ‘ராப் டெக்ஸ்ட்’ என்ற வசதி எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் உண்டு. எங்கள் தாளில் அது போட்டிருந்தும் பயன்படவில்லை. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று முகவரிக்காக இரண்டு கட்டங்களை ஒன்றாக இணைத்திருந்தோம். இணைத்த கட்டங்களில் எழுத்துக்கு ஏற்ப வரிசையின் உயரம் தானாக அதிகரிக்காது. அதோடு, எல்லா வரிசைகளுக்கும் ஒரே உயரத்தைக் கையால் வைத்துவிட்டோம். தமிழுக்கு இது கூடுதல் கேடு. உயரம் குறைந்தால் எழுத்துகளின் மேற்பகுதி வெட்டுப்பட்டு, புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. கார்த்திக் என்ற பெயரில் மூன்று புள்ளிகளும் காணாமல்போய், பெயரே பிழையாக இருப்பதாக ஒரு தந்தை எழுதியிருந்தார். மதிப்பெண் சான்றிதழில் ஏறப்போகும் பெயர் என்பதால் அவர் கவலைப்பட்டது முற்றிலும் நியாயம். அவருடைய மகனின் பெயர் கோப்பில் சரியாகவே உள்ளது.

வங்கிக் கணக்கு எண்ணின் நிலை இப்படி அல்ல. இங்கே சில இலக்கங்கள் உண்மையாகவே போய்விட்டன. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும். பதினாறாவது இலக்கத்தில் 7 இருந்தாலும் 3 இருந்தாலும் அது 0 ஆக மாறிவிடும். தொடக்கத்தில் உள்ள சுழியங்களும் உதிர்ந்துவிடும். 1.23457E+15 என்பதுபோல, புள்ளி வைத்த எண்ணுக்கு நடுவே ஓர் ஆங்கில எழுத்துடன் தெரிந்ததும் இந்தக் கணக்கு எண்தான். கட்டத்தை அகலப்படுத்துவதாலோ, பட்டையில் பார்ப்பதாலோ போன இலக்கம் திரும்பாது. எண்களை உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ (எண்ணாகக் கருதாமல் எழுத்தாகவே வைக்கும் வகை) என்று மாற்றியிருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது தவறிவிட்டது. உதவித்தொகை பிள்ளையின் கணக்குக்குப் போய்ச் சேராமல் திரும்பிவிடக் கூடாது என்பதால், இந்த ஒரு விவரத்தை மட்டும் பாஸ்புக்கை நேரில் பார்த்தே மீண்டும் பதிவுசெய்ய முடிவு செய்துள்ளோம்.

16 அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட கணக்கு எண் உள்ளவர்களும், சுழியத்தில் தொடங்கும் எண் உள்ளவர்களும், வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் பாஸ்புக்கின் முதல் பக்க நகலை வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காசிமேட்டிலிருந்து கடலுக்குச் சென்றிருக்கும் பெற்றோர் கரை திரும்பப் பல நாள் ஆகலாம். துறைமுகத்தில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் அந்த நேரம் வசதிப்படாமல் போகலாம். பாட்டியோ, அத்தையோ, பிள்ளையே கொண்டுவந்தாலும் போதும்.

பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றுக்கு நாங்கள் அனுப்புவதற்கு முன் சேமித்த மூலக் கோப்பு பத்திரமாக இருக்கிறது. கட்டங்களைப் பிரித்து, வரிசை உயரத்தைச் சரிசெய்து, அதிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு நாளை மறுநாள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறோம். கைப்பேசியில் வந்த பழைய தாளில் இனி எதையும் திருத்த வேண்டாம். அச்சுத்தாளில் பிழை இருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். பிழை இல்லாவிட்டாலும் கையொப்பமிட்ட தாள் எங்களுக்குத் திரும்ப வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்