பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆண்டு விழாவும் விளையாட்டு விழாவும் குறைவின்றி நடந்தேறின.

இவ்வாண்டின் பெரும்பணி வகுப்பறைச் சீரமைப்பு. சுவருக்கு வண்ணம் பூசினால் போதாதா என்று பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். போதாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பிரிட்டனின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து, பிள்ளைகளின் கற்றல் முன்னேற்றத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வில் 16 சதவீதத்துக்கு வகுப்பறை அமைப்பே காரணம் என்று 2015-இல் அறிவித்தார்கள். அதிலும் வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகியவற்றின் பங்கே பெரிது. ஆகவேதான் ஜன்னலை மறைத்து நின்ற அலமாரிகளை முதலில் நகர்த்தினோம்.

அடுத்தது இரைச்சல். பாடவேளையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிர்முழக்கம், அதாவது சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி நீடிக்கும் ஒலி, 0.6 விநாடி அளவில் அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் அறைகளில் ஆசிரியரின் பாதிச் சொற்கள் கடைசி வரிசைக்குத் தெளிவாகப் போய்ச் சேராமலே இருந்தன. கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் நாற்காலிக் கால்களில் ரப்பர் உறைகளும் பொருத்தினோம். சுவர் நிறைய ஒட்டியிருந்த படங்களைக் குறைத்ததில் சில ஆசிரியர்களுக்கு வருத்தம். அலங்காரம் மிகுந்தால் சிறு பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது என்று கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வு 2014-இலேயே காட்டியிருக்கிறது.

ஒவ்வொரு வகுப்பிலும் தாழ்வான தடுப்புக்குப் பின்னால் ஓர் அமைதி மூலை அமைத்தோம். மனம் கலங்கிய பிள்ளை, ஆசிரியரின் கண்பார்வையிலேயே சற்று அமர்ந்து தேறி வரட்டும். அதைத் தண்டனை மூலையாக மாற்றிவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வேலை நடந்த விடுமுறை நாள்களில் வந்தவர்கள் எப்போதும் வரும் அதே சிலர்தாம். கருத்துச் சொன்ன பலரை அங்கே காணவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்போரும் பெரும்பாலும் அவர்களே என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வரவுக்குள் செலவு அடங்கியது, கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. தலைமையாசிரியருக்கும் நன்கொடையாளர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கழிப்பறைகளைச் சீரமைக்க வேண்டும். தாழ்ப்பாளும் விளக்கும் சரியில்லாத கழிப்பறைக்கு அஞ்சி, தண்ணீரே குடிக்காமல் பள்ளி நாளைக் கடத்தும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். இப்போதுள்ள கையிருப்பில் தாழ்ப்பாள்கள் மட்டுமே மாற்ற முடியும். பாக்கிச் சந்தா வந்துசேர்ந்தால் விளக்குகளும் காற்றுப்போக்கியும் பொருத்திவிடலாம். பொருளாளர் இன்று கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்துடன் இங்கேயே இருப்பார்.

செயலாளர்