மீசையை எடுத்த ஆட்டோ அண்ணனுக்கு

காது கேளாத என் மகள் பாப்பாவின் காது மிஷின் போன கதை உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி எழுதப் போவதில்லை. அவள் நேற்று பத்தாம் வகுப்பின் கடைசிப் பரீட்சையை முடித்துவிட்டாள். அது போதும்.

மிஷின் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது எதிரே இருப்பவரின் உதடும் கையும்தான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது சினிமாவில் வருகிற மாதிரி லேசு இல்லை. 'பணம்' என்றாலும் 'மணம்' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். 'க' எல்லாம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். பாதிக்கு மேல் ஊகம்தான். மேலுதட்டை மீசை மூடியிருந்தால் அதுவும் போச்சு.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து அவளைக் கூட்டிப்போகும் ஆட்டோ அண்ணனுக்கு அய்யனார் மீசை. "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று ஒருநாள் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் பாப்பா தலையாட்டினாள். புரியாவிட்டால் அவள் அப்படித்தான் தலையாட்டுவாள். நான் விளையாட்டாக மீசையைக் காட்டி, "அதான் அண்ணே மறைக்குது" என்றேன்.

மறுநாள் ஹாரன் கேட்டு வெளியே போனால் யாரோ புது ஆள். மேலுதடு மட்டும் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது. பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் வண்டியை அணைத்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்றார். வெளியாட்களிடம் குரல் எடுக்கவே கூச்சப்படுகிறவள், "மூணு இட்லி" என்றாள், வாயைத் திறந்து!

பரீட்சையில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. அத்தனை நாளும் அந்த வெயிலில் காத்திருந்ததற்கு அவர் காசு வாங்கவில்லை.

சைகை டீச்சர், நோட்டு கொடுத்த தோழிகள், பணம் அனுப்பியவர்கள், காட்பாடி ஜெராக்ஸ் கடைக்காரர், எல்லோருக்கும் நன்றி.

ஒன்று சொல்ல வேண்டும். "கை பேசினால் வாய் பேசாது" என்று முன்பு ஓரிடத்தில் சொன்னதை நம்பி, நாலு வருஷம் அவள் கையைத் தட்டிவிட்டவள் நான். 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்களாம். அதற்கு 2010இல்தான் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே மாதிரி மாநாட்டில் வருத்தம் தெரிவித்தார்கள். நான் இன்னும் அவளிடம் தெரிவிக்கவில்லை. வரும் சனிக்கிழமையிலிருந்து நானும் அவள் அப்பாவும் டீச்சரிடம் சைகை படிக்கிறோம்.

அண்ணே, இனி மீசையை வளர்த்துக்கோங்க. பாப்பா வேண்டாம் என்கிறாள். அதை நீங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.