ஆனி சோயிங் சம்பளம் வாங்கினால் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பௌத்தத் துறவியான நேபாளப் பாடகி ஆனி சோயிங் டோல்மாவைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையோடு. இரண்டாம் முறை, அந்த ஒரு வரியை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில். "மொட்டையடித்துத் துவராடை உடுத்தியவருக்கு மேடை எதற்கு, சம்பளம் எதற்கு?" என்றுதான் அச்சாகியிருக்கிறது.

அந்தச் சம்பளம் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர் 2000இல் தொடங்கிய ஆர்ய தாரா பள்ளியில் சின்னஞ்சிறு பிட்சுணிகள் படிக்கிறார்கள். பையன்கள் மடத்துக்குப் போனால் சாஸ்திரம், பெண்கள் போனால் பூஜைக்கும் அடுப்படிக்கும் என்று காலங்காலமாக இருந்த வழக்கத்தை எதிர்த்துத்தான் அந்தப் பள்ளியே வந்தது. அவரும் அப்பாவின் அடி தாங்காமல், சின்ன வயதிலேயே, காத்மாண்டுவுக்கு வடக்கே மலைச்சரிவில் இருக்கும் நாகி மடத்தில் போய்ச் சேர்ந்தவர். அடி வாங்கிய வீட்டைப் பற்றித் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியவர். அவரிடம் போய்க் கணக்குக் கேட்க நமக்கு என்ன உரிமை?

2006 முதல் மூன்று வருடம், கணவரின் வேலை காரணமாகக் காத்மாண்டுவில் குடியிருந்தேன். குளிர்காலத்தில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்காது. வெயில் வந்ததும் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். வீட்டுக்கார அக்காவை 'தீதி' என்றுதான் கூப்பிடுவேன். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே 'பூல்கோ ஆங்காமா' பாட்டை முணுமுணுப்பார். பேட்டரி ரேடியோவில் அதே பாட்டு வந்துவிட்டால் கை நின்றுவிடும். பாட்டு முடிந்த பிறகுதான் அடுத்த கல். எனக்குத் தெரிந்த அரைகுறை நேபாளியை வைத்துக்கொண்டு அர்த்தம் கேட்டபோது, "பார்க்கிற கண் எப்படியோ, உலகம் அப்படி" என்று சொல்லிக்கொடுத்தார். துர்காலால் சிரேஷ்டா எழுதி, ந்யூ பஜ்ராச்சார்யா இசையமைத்து, 2004இல் வந்த பாட்டு அது. டெம்போவில், டீக்கடையில், கல்யாண வீட்டில் என்று அந்த ஊர் முழுக்க ஒலித்தது.

உங்கள் கட்டுரையோ, ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'ஜரியா' பாடியபோதுதான் அவர் உலகத்துக்குத் தெரிய வந்தார் என்கிறது. ரஹ்மான் மேல் எனக்கும் பெருமை உண்டு ஐயா. ஆனால் கோக் ஸ்டூடியோ என்ற தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிக்காகப் பாடிய அந்தப் பாட்டு 2013இல் வந்தது. அமெரிக்க கிதார் கலைஞர் ஸ்டீவ் டிபெட்ஸ் நாகி மடத்துக்கே வந்து இவர் ஓதுவதைக் கேட்டு, இருவரும் சேர்ந்து செய்த முதல் இசைத்தட்டு வெளியானது 1997இல். நம் ஊர்க்காரர் தொட்ட பிறகுதான் ஒருவர் பிறந்தார் என்று எழுதினால் அவர் மனம் என்ன பாடுபடும்?

இது இன்றைக்கு நேற்று வந்த வருத்தமில்லை. சில வருடங்களுக்கு முன் நீங்கள் கொண்டுவந்த நேபாளச் சிறப்பிதழில் மலை இருந்தது, கூர்க்கா காவலாளி இருந்தார். பாட்டு ஒரு வரிகூட இல்லை. 1990இல் மறைந்த பாடகர் நாராயண் கோபாலை அந்த நாடே 'ஸ்வர சம்ராட்', அதாவது இசைச் சக்கரவர்த்தி, என்று கொண்டாடுகிறது. காத்மாண்டு ரிங் ரோட்டில் ஒரு நாற்சந்திக்கே அவர் பெயர்தான். அதைக் குறிப்பிட்டு அன்றைக்கே மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். "இதழ் அருமை" என்ற முதல் வரியை மட்டும் போட்டிருந்தீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. என் தம்பி மூன்று வருடம் டயாலிசிஸில் இருந்தான். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஊசி குத்திக் குத்தி அவன் இடது கை நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். விரல் வைத்தால் உள்ளே வண்டு ரீங்காரமிடுவதுபோல் அதிரும். அடுத்த தடவைக்குப் பணம் புரட்டுவதுதான் வீட்டில் தினப் பேச்சு. ஆனி சோயிங் தம் அம்மாவைச் சிறுநீரக நோய்க்குத்தான் பறிகொடுத்தார். அதன் பிறகுதான் அந்த நோயாளிகளுக்காக 'ஆரோக்கிய' அறக்கட்டளையைத் தொடங்கினார். அவர் வாங்கும் சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியும். என் தம்பி இருந்திருந்தால் அவனும் சொல்லியிருப்பான்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவர் திபெத்தில் பிறந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். பெற்றோர்தான் திபெத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். இவர் 1971இல் காத்மாண்டுவில் பிறந்தவர். அடுத்த இதழில் அதை மட்டுமாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
திருச்சி