இரண்டு தொப்பிகள்

கண்ணா,

குளிர் விட்டுவிட்டது என்று நேற்று போனில் சொன்னாய். அப்படியென்றால் ஒரு சனிக்கிழமை பாஸ்டனிலிருந்து ஸ்டாக்பிரிட்ஜுக்குப் போய் வா. ஓவியர் நார்மன் ராக்வெல் 1953-இல் குடிவந்து, 1978-இல் கண்மூடும்வரை வாழ்ந்த ஊர். மனைவியின் மனநோய்க்கு அங்கே நல்ல வைத்தியம் உண்டு என்றுதான் வந்தார். இப்போது அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

1916-இல், 22 வயதில், ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு முதல் அட்டைப்படம் போட்டார். 47 வருடத்தில் முன்னூறுக்கு மேல். அந்த அட்டைகளை அங்கே மாட்டியிருக்கிறார்கள். நீ 1954 செப்டம்பர் 25 தேதியிட்டதைத் தேடு.

பழைய லாரியின் படிப்பலகையில் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருப்பார்கள். மகன் காலேஜுக்குப் புறப்படுகிறான். சூட், டை, பக்கத்தில் பெட்டி. ரயில் வரும் திசையிலேயே அவன் கண். அப்பா வேலை உடுப்போடு, தோள் தொங்கிப்போய், வேறு பக்கம் பார்க்கிறார். நாய் பையன்மேல் தலையைச் சாய்த்திருக்கிறது. அந்த அப்பாவின் கையைப் பார். இரண்டு தொப்பி இருக்கும். ஒன்று அவருடையது, மற்றது மகனுடையது.

நீ கிளம்பிய ராத்திரி, மீனம்பாக்கத்தில் உன் ஜாக்கெட் யார் கையில் இருந்தது, நினைவிருக்கிறதா? டிராலியில் போடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். நீ உள்ளே போகும் நிமிடம்வரை அப்பா அதை விடவில்லை. “சரி, கிளம்பு” என்றதோடு சரி. அது உனக்கு வருத்தம் என்று எனக்குத் தெரியும்.

படத்தில் அம்மா கிடையாது. பையன் மடியில் ரிப்பன் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கிறதே, அதுதான் அவள். இத்தனை வருடம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பொட்டலம் என் கண்ணில் பட்டது நீ போன பிறகுதான். ராக்வெல் இதை வரைந்த சமயம், அவருடைய மூன்று பையன்களும் வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அசல் அங்கே இருக்காது. 1960-இல் ஒரு கார்ட்டூனிஸ்ட் நண்பர் 900 டாலருக்கு வாங்கினார். பிறகு தானே ஒரு நகல் வரைந்து எல்லோரும் பார்க்க மாட்டிவிட்டு, அசலை வீட்டில் பொய்ச்சுவருக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். பிள்ளைகளிடம்கூட மூச்சு விடவில்லை. அவர் போன பிறகு, 2006-இல், மகன்கள்தான் கண்டெடுத்தார்கள். அந்த வருடமே 1 கோடியே 54 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அந்த அட்டை போஸ்ட்கார்டாகக் கிடைத்தால் ஒன்று வாங்கி அப்பா பெயருக்குப் போடு. எதுவும் எழுத வேண்டாம், முகவரி போதும்.

அம்மா