கடத்தல் படம் எடுப்பவர்களுக்குக் குமரிக் கரையிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களே, தயாரிப்பாளர்களே,

வணக்கம். கையில் காசில்லாத ஒருவன் போதைப்பொருள் கடத்தி, கோடிகளில் புரண்டு, கடைசியில் குண்டடிபட்டுச் சாகும் கதையை நீங்கள் எத்தனை தடவை எடுத்தாலும் நாங்களும் டிக்கெட் எடுத்துப் பார்க்கத்தான் செய்கிறோம். ஆனால் அவனுடைய முதல் சரக்கு ஏன் எப்போதும் எங்கள் போட்டிலேயே ஏறுகிறது? திரையில் சிலுவை நிற்கும் குருசடியும் வலை காயும் மணலும் வந்தால், அடுத்து பொட்டலம் வரும் என்று சின்னப் பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது. கடத்துகிறவனைக் காட்டுங்கள். கூடவே மீன் பிடிக்கப் போகிறவனையும் காட்டுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

போன மாதம், பிள்ளைகள் படிப்புக்காக, என் தம்பி குடும்பத்துக்கு நாகர்கோவிலில் வாடகை வீடு பார்த்தோம். அட்வான்ஸ் வரை பேசி முடித்தாயிற்று. அப்புறம்தான் வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார். "கடப்புறமா?" என்றார். தம்பி, கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் போட்டுக்குப் போகிறான், திரும்பிவர ஒரு மாதம்கூட ஆகும் என்றோம். "மாசக்கணக்கா கடல்ல அப்படி என்ன செய்வாங்க?" என்று கேட்டு, தான் பார்த்த படமொன்றின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் புரோக்கர் போன் செய்தார். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அந்த வாசலில் 'டு-லெட்' போர்டு இன்னும் தொங்குகிறது. தம்பி மனைவி பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போய்வருகிறாள்.

என்ன செய்வார்கள் என்று நான் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு சூரைக்கும் சுறாவுக்கும் லட்சத்தீவு தாண்டிப் போவார்கள். மீன் படவில்லை என்றால் டீசல் கடன்தான் மிச்சம். 2017 ஒக்கிப் புயலில் அப்படிப் போனவர்களில் பலருடைய உடல்கூட வீடு வந்து சேரவில்லை.

கடலில் கடத்தலே இல்லை என்று சாதிக்க வரவில்லை. 2022 மே மாதம் லட்சத்தீவு அருகே 218 கிலோ ஹெராயினோடு பிடிபட்ட இரண்டும் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து போன படகுகள்தான். எங்களுக்கும் அது தலைகுனிவு. ஆனால் 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் கிட்டத்தட்ட 3,000 கிலோ ஹெராயின் சிக்கியதே, அது வலைக்கு அடியில் வரவில்லை. டால்க் கல் என்று காகிதத்தில் எழுதி, கண்டெய்னரில் கப்பலேறி வந்தது. அதற்காகக் கப்பல் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு யாரும் வீடு இல்லை என்று சொன்னதாகத் தெரியவில்லை.

உங்கள் நாயகன் மழையில், பின்னணி இசையோடு, ஸ்லோமோஷனில் விழுகிறான். நிஜத்தில் ஹெராயின் 250 கிராமைத் தாண்டினாலே குறைந்தது 10 ஆண்டு சிறை, ஜாமீனும் லேசில் கிடைக்காது. கூலிக்குப் போனவனின் அம்மா பாளையங்கோட்டை ஜெயிலுக்கு பஸ் ஏறுவதை எடுத்தால் படம் ஓடாதோ என்னவோ. உங்கள் நாயகன் சிகரெட் பற்றவைத்தால் மட்டும் திரை ஓரத்தில் எச்சரிக்கை போடுகிறீர்கள். ஊர்ப் பெயர் கெடுவதற்கும் ஒரு வரி போடலாமே!

சரி, கோபத்தை நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த படத்துக்கு லொகேஷன் பார்க்க எப்படியும் வருவீர்கள். தேங்காய்ப்பட்டணத்தில் மீன் இறக்கும் நேரத்துக்கு வாருங்கள், ஆட்களோடு பேசுங்கள். மீன் பிடிக்கப் போகிறவனுக்கும் உங்கள் கதையில் நாலு காட்சி கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி