ஏழாம் எண் போட்டவர்கள்

தமிழ்நாடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2011 பிப்ரவரியில், சென்னையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரில் வீடு வீடாக ஏறி இறங்கிய கணக்கெடுப்பாளர்களில் நானும் ஒருவன். பள்ளி ஆசிரியர், இப்போது ஓய்வில் இருக்கிறேன். (நாங்கள் படிவத்தோடு அலைந்த நாட்களில் வகுப்பை யார் பார்த்தார்கள் என்பது தனிக் கதை.)

அன்றைய படிவத்தில் இடம்பெயர்ந்த காரணத்துக்கு ஏழு எண்கள். வேலை 1, வியாபாரம் 2, படிப்பு 3, திருமணம் 4, பிறந்தபின் இடம்பெயர்ந்தது 5, குடும்பத்தோடு வந்தது 6, பிற 7. வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், “எதுக்கும்மா இங்க வந்தீங்க?” என்று கேட்டேன்.

“நாங்க எங்க சார் வந்தோம்? லாரில ஏத்தினு வந்து எறக்கி வுட்டுட்டாங்க.”

அவருக்கு 7. பிள்ளைகளுக்கு 6. கடைசியாக வசித்த ஊர் என்ற இடத்தில் ‘சென்னை’. கூவம் கரையா, அடையாற்றுக் கரையா, பட்டினப்பாக்கமா என்று எழுதப் படிவம் இடம் தரவில்லை. அந்தத் தெரு முழுக்க இதையே எழுதினேன்.

பிறகு முடிவுகள் வந்தன. சென்னையில் 2001இல் 43.4 லட்சம் பேர், 2011இல் 46.5 லட்சம், பத்தாண்டில் 7 சதவீத வளர்ச்சிதான். பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டமோ ஏறக்குறைய 39 சதவீதம் வளர்ந்திருந்தது. நகரம் நிரம்பிவிட்டது, ஐ.டி. வேலை புறநகருக்கு ஆளை இழுக்கிறது என்று எல்லோரும் விளக்கம் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2000 முதல் கண்ணகி நகருக்கும், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்ட சென்னைக் குடும்பங்களும் அந்தக் காஞ்சிபுரம் கணக்கில்தான் சேர்ந்தன. இரண்டு இடங்களும் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது 2011 அக்டோபரில், நாங்கள் எண்ணி முடித்து ஏழு மாதம் கழித்து. மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அனுப்பப்பட்டவர்கள் மறுபடி சென்னைக்காரர்கள் ஆனார்கள், இருந்த இடத்திலேயே.

அதன்பின் 2015 வெள்ளம். ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளுக்குப் போயின. அந்த மாற்றம் எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறவில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டியது நடக்கவே இல்லையே. 2021 சட்டமன்றத் தேர்தலில், இந்த இடங்கள் அடங்கிய சோழிங்கநல்லூர் தொகுதியில் ஏறக்குறைய 7 லட்சம் வாக்காளர்கள். பழைய சென்னையின் துறைமுகம் தொகுதியில் 2 லட்சம்கூட இல்லை. தெற்கே சேர்ந்த கூட்டத்தில் சம்பளம் தேடி வந்தவர் எத்தனை பேர், லாரியில் வந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் உங்கள் அட்டவணைகளில் பதில் கிடைக்காது. பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் பேருந்தும் எங்கே, எத்தனை வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் அந்த அட்டவணைகளைத்தான் புரட்டுகிறார்கள்.

2027 பிப்ரவரியில் எண்ணப்போகிறவர்கள் கையில் காகிதம் இருக்காது, கைபேசிச் செயலிதான் இருக்கும். காகிதத்தில் இடமில்லை என்ற சாக்கு இனி இல்லை. அரசுத் திட்டத்துக்காகவோ வெள்ளத்தாலோ அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்குத் தனி எண் ஒன்று வேண்டும். முன்பு இருந்த இடத்துக்கு ஊர்ப் பெயரோடு பகுதியின் பெயரையும் கேட்க வேண்டும். இரண்டையும் டெல்லிதான் முடிவு செய்யும் என்று எனக்குத் தெரியும். சென்னையிலிருந்து கேட்டு எழுத வேண்டியவர் நீங்கள்.

இப்படிக்கு,
2011இல் நிறைய 7 போட்ட ஓர் ஆசிரியர்